ஃப்ரோசன் ஷோல்டருக்குக் கதவுக் கப்பி: எதை வாங்குவது, எப்போது வாங்குவது

தோள் இறுகிக் கை மேலே வராதவர்களுக்கு பிசியோதெரபிஸ்ட்கள் சொல்லும் சாமான்களில் மிக எளியது, கதவில் மாட்டும் கப்பி. ஒரு பட்டை, ஒரு உருளை, ஒரு நைலான் கயிறு, இரண்டு கைப்பிடி, அவ்வளவுதான். சர்ஜிக்கல் கடைகளிலும் ஆன்லைனிலும் பெரும்பாலும் 300 முதல் 700 ரூபாய்க்குள் கிடைத்துவிடும். சரியான மாதத்தில், சரியான முறையில் பயன்படுத்தினால் இந்த விலைக்கு இதைவிடப் பயனுள்ள பொருள் ஃப்ரோசன் ஷோல்டருக்கு இல்லை. அவசரப்பட்டு முதல் மாதங்களிலேயே இழுக்க ஆரம்பித்தால், ஏற்கெனவே கெட்டிருக்கும் தூக்கம் இன்னும் கெடும். அதனால் கப்பியைப் பார்ப்பதற்கு முன் தோளைப் பார்த்துவிடுவோம்.

தோள் மூட்டைச் சுற்றி ஒரு மெல்லிய உறை இருக்கிறது. கை எல்லாப் பக்கமும் சுழல வேண்டும் என்பதற்காக அது தொளதொளவென்று இருக்கும். நல்ல தோளில் அந்த உறைக்குள் 15 முதல் 30 மில்லி வரை திரவம் பிடிக்கும். ஃப்ரோசன் ஷோல்டரில் உறை அழற்சி கண்டு, தடித்து, சுருங்கிவிடுவதால் பலருக்கு 10 மில்லிகூடப் பிடிக்காது. சுருக்கம் அதிகம் விழுவது உறையின் முன்பக்க மேல்பகுதியில். கையை வெளிப்பக்கமாகத் திருப்ப விடாமல் தடுக்கும் இடம் அதுதான். கை மேலே வரவில்லை என்றுதான் எல்லோரும் மருத்துவரிடம் போகிறார்கள். ஆனால் முதலில் பறிபோவதும், அதிகமாகப் பறிபோவதும் வெளிப்பக்கத் திருப்பம்தான். கப்பியை மதிப்பிடும்போது இது முக்கியமாகும்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். நாற்காலியில் நேராக உட்கார்ந்து, இரண்டு முழங்கைகளையும் விலா எலும்போடு ஒட்டவைத்து, 90 டிகிரி மடக்கி, முன்கைகளை நேராக நீட்டுங்கள். முழங்கை நகராமல் இரண்டு கைகளையும் வெளிப்பக்கமாக விரியுங்கள். இறுகிய பக்கம் நல்ல பக்கத்தில் பாதி தூரம்கூடப் போகாமல் நின்றுவிட்டால், வீட்டில் ஒருவரை மணிக்கட்டைப் பிடித்து மெதுவாக இன்னும் கொஞ்சம் வெளியே தள்ளிப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் தள்ளியும் போகவில்லை, உள்ளே எதுவோ கட்டிப்போட்டதுபோல் நிற்கிறது என்றால் ஃப்ரோசன் ஷோல்டருக்கு வாய்ப்பு அதிகம். நீங்களாகச் செய்யும்போது வராமல், அடுத்தவர் தூக்கினால் தாராளமாக வருகிறது என்றால் சிக்கல் உறையில் இல்லை, தசைநாரில் இருக்கலாம். தசைநார் கிழிந்திருந்தால் சிகிச்சையே வேறு. அப்படிப்பட்டவர்கள் கப்பி வாங்குவதற்கு முன் எலும்பு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

சோதனையில் ஃப்ரோசன் ஷோல்டர் மாதிரியே தெரிந்தாலும் ஒரு எக்ஸ்ரே எடுத்துவிடுவது நல்லது. மூட்டுத் தேய்மானத்திலும், கவனிக்காமல் விட்ட மூட்டு விலகலிலும் இதேபோல் வெளித்திருப்பம் நின்றுபோகும். ஃப்ரோசன் ஷோல்டரில் எக்ஸ்ரே பொதுவாகச் சுத்தமாக இருக்கும். கூடவே சர்க்கரை, தைராய்டு பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். இந்த நோய் 40 முதல் 60 வயதுக்குள், பெண்களுக்குச் சற்று அதிகமாக வருகிறது. சர்க்கரை நோயாளிகளுக்கு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். அவர்களுக்குத் தோள் இளகவும் கூடுதல் காலம் பிடிக்கும். சிலருக்கு சர்க்கரை இருப்பதே தோளுக்காகப் பார்த்த ரத்தப் பரிசோதனையில்தான் தெரியவருகிறது.

எந்த மாதத்தில் எது

நோய் மூன்று கட்டமாகப் போகும். முதல் கட்டத்தில் வலிதான் தலைமை. சும்மா இருந்தாலும் வலிக்கும், அந்தப் பக்கம் புரண்டு படுத்தால் விழிப்பு வரும், பஸ் கம்பியைச் சட்டென்று பிடித்தால் உயிர் போகும். இந்தக் கட்டம் சுமார் 3 முதல் 9 மாதம் வரை நீளும். இரண்டாம் கட்டத்தில் ஓய்வு வலி அடங்கி இறுக்கம் மட்டும் மிஞ்சும். கை ஒரு எல்லை வரை வலியில்லாமல் போகும், அங்கே போய் முட்டி நிற்கும். இது 4 முதல் 12 மாதம். மூன்றாவதில் மெல்ல மெல்ல இளகும், அதற்கு 5 மாதத்திலிருந்து 2 வருடம் வரை ஆகலாம். ஒவ்வொரு கட்டமும் அடுத்ததோடு கலந்தே வரும், தேதி குறிக்க முடியாது.

எந்தக் கட்டம் என்று தெரிந்துகொள்ள இரவைக் கேளுங்கள். வலியால் தூக்கம் கலைகிறது என்றால் இன்னும் முதல் கட்டம். தூக்கம் கலைவது நின்று, ரவிக்கைக் கொக்கி போட முடியவில்லை, பின் பாக்கெட்டிலிருந்து பர்ஸ் எடுக்க முடியவில்லை என்பது மட்டும் மிச்சமிருந்தால் இரண்டாம் கட்டம். கப்பி அடிப்படையில் இரண்டாம், மூன்றாம் கட்டத்துக்கான சாமான்.

முதல் கட்டத்தில் உறை சூடாக, வீங்கி இருக்கிறது. அதை வலிக்க வலிக்க இழுத்தால் அழற்சி கூடும், உடம்பு இன்னும் தடிமனான தழும்பைப் போடும். நெதர்லாந்தில் 77 பேரை வைத்து நடத்தி 2004-ல் வெளியான ஆய்வு இதற்கு நல்ல சான்று. வலி எல்லைக்குள் மட்டும் அசைத்து, ஊசல் பயிற்சியோடு பொறுமையாக இருந்தவர்களில் 89 சதவீதம் பேருக்கு இரண்டு வருடத்தில் தோள் கிட்டத்தட்டப் பழைய நிலைக்கு வந்தது. வலி எல்லையைத் தாண்டித் தீவிரமாக இழுத்துப் பயிற்சி செய்தவர்களில் 63 சதவீதம் பேருக்குத்தான் அந்த நிலை கிடைத்தது. “வலித்தால்தான் பிரியும்” என்று சொல்லிக் கையைப் பிடித்து மேலே தள்ளும் இடங்கள் இன்னும் இருக்கின்றன. அங்கே கொடுக்கும் பணத்துக்கு வலியைத்தான் வாங்கி வருகிறோம்.

முதல் கட்டத்தில் செலவே இல்லாத இரண்டு விஷயம் போதும். ஒன்று ஊசல் பயிற்சி. நல்ல கையை மேசையில் ஊன்றி முன்னால் குனிந்து, வலிக்கும் கையைத் தளர்வாகத் தொங்கவிட்டு, உடம்பை லேசாக ஆட்டுவதால் கை தானாக ஆட வேண்டும். கையால் கையை ஆட்டக் கூடாது. ஒரு தடவைக்கு ஒன்றிரண்டு நிமிடம், ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை. இன்னொன்று தலையணை. மல்லாந்து படுக்கும்போது மேல்கைக்கும் முழங்கைக்கும் அடியில் மடித்த துண்டு அல்லது சின்னத் தலையணை வைத்தால் கை பின்னால் சரியாது. ஒருக்களித்தால் நல்ல பக்கம் கீழே இருக்கட்டும், நெஞ்சோடு ஒரு தலையணையைக் கட்டிக்கொண்டு அதன்மேல் வலிக்கும் கையை வையுங்கள். தோள் பட்டைகளும் பெல்ட்களும் செய்யாத வேலையை இந்தத் தலையணை செய்கிறது.

கப்பி வாங்கும்போது

கதவில் பொருத்தும் விதத்தை வைத்து மூன்று வகை விற்கிறது.

முதல் வகையில் ஒரு தட்டையான நாடாப் பட்டையின் நுனியில் உருண்டையோ சின்னக் குழாயோ இருக்கும். அதைக் கதவுக்கு மேலே போட்டு, உருண்டை அந்தப் பக்கம் நிற்க, கதவைச் சாத்திவிட வேண்டும். வாடகை வீட்டுக்கும் வெளியூர் எடுத்துப் போகவும் இதுதான் வசதி. ஆனால் நம் ஊர் மரக் கதவுகளில் நிலைக்கும் கதவுக்கும் இடையில் சந்து மிகக் குறைவு. பட்டை தடிமனாக இருந்தால் கதவு முழுசாகச் சாத்தாது, தாழ்ப்பாள் விழாது. வாங்கும் முன் பழைய பெல்ட் துணி அல்லது இரண்டாக மடித்த பை நாடாவை வைத்துச் சாத்திப் பாருங்கள். சாத்தினால் இந்த வகை சரி.

இரண்டாவது, கதவின் மேல்விளிம்பில் கவ்வும் உலோகக் கொக்கி. இதற்குக் கதவின் தடிமனை அளக்க வேண்டும். மெல்லிய கதவுக்குச் செய்த கொக்கி கனமான மரக் கதவில் ஏறவே ஏறாது. ஏறினாலும் பாலிஷைக் கீறும். பி.வி.சி. பாத்ரூம் கதவில் இரண்டு வகையையுமே மாட்டக் கூடாது. அந்தக் கதவு வளையும், கீல் பிடுங்கும்.

மூன்றாவது, சுவரிலோ கூரையிலோ திருகிப் பொருத்தும் கொக்கி. உறுதியில் இதுதான் முதலிடம். கூடத்தில் ஊஞ்சல் கொக்கி இருக்கும் வீடென்றால் கேள்வியே இல்லை. உருளையை அங்கே ஒரு நல்ல கயிற்றில் தேவையான உயரத்துக்கு இறக்கிக் கட்டிவிடலாம், கதவைப் பற்றிய கவலை போயிற்று.

உருளை உலோக அச்சில் சுழல்கிறதா என்று கையால் சுற்றிப் பாருங்கள். மலிவான சிலவற்றில் உருளையே இருக்காது, பிளாஸ்டிக் வளையத்தின் வழியே கயிறு உரசிக்கொண்டு போகும். உரசல் அதிகமானால் நல்ல கை கூடுதலாக இழுக்க வேண்டும், இறுகிய கை வெட்டி வெட்டி ஏறும். அந்த வெட்டில்தான் தசை பயந்து இறுகிக்கொள்கிறது. கயிறு சீராக ஓடினால் தோள் தளர்வாக இருக்கும். கப்பியின் மொத்தப் பயனும் இந்தத் தளர்வில்தான் இருக்கிறது. கயிறு 6 முதல் 8 மில்லிமீட்டர் தடிமனில், பின்னல் நைலானாக இருந்தால் நல்லது. முறுக்குக் கயிறு சுற்றிக்கொள்ளும்.

கைப்பிடிதான் பலரும் கவனிக்காமல் விடுவது. சர்க்கரை நோயாளிகளில் பலருக்கு விரல்களும் விறைப்பாக இருக்கும், விரல் மடங்கி மாட்டிக்கொள்ளும் தொந்தரவும் இருக்கும். அவர்களுக்கு ஒல்லியான பிளாஸ்டிக் கைப்பிடி சில நிமிடத்தில் வலிக்கும். நுரை சுற்றிய தடித்த பிடி எடுங்கள். பிடிக்கவே முடியாதென்றால் மணிக்கட்டில் மாட்டும் பட்டை வைத்ததை வாங்கலாம். பிடியின் இரண்டு முனையிலும் கயிறு அல்லது நாடா கட்டி, பஸ் கைப்பிடிபோல் தொங்கும் வடிவமே சிறந்தது. அதில் கட்டைவிரல் மேல்நோக்கியோ தலைப்பக்கமோ இயல்பாக நிற்கும். உள்ளங்கை கீழ்நோக்கித் திரும்பும்படியான பிடியில் கையைப் பக்கவாட்டில் தூக்கினால் தோள் எலும்பின் நுனியில் தசைநார் நசுங்கும்.

கயிற்றின் நீளம் அளவாக இருக்க வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்த நிலையில், இரண்டு கைப்பிடியும் சமமாகத் தொங்கும்போது அவை உங்கள் தோள் உயரத்தில் இருக்க வேண்டும். அதற்குக் கீழே தொங்கினால் கயிறு நீளம்: நல்ல கை தொடையைத் தொட்டுவிடும், இறுகிய கை பாதிதான் ஏறியிருக்கும். “கப்பி போட்டும் கை ஏறவே இல்லை” என்ற விமர்சனங்களில் கணிசமானவை இந்த முடிச்சுப் பிரச்சினையாகவே இருக்கும். கைப்பிடிக்கு மேலே ஒரு முடிச்சுப் போட்டுக் குறைத்தால் போதும். ஏழடிக் கதவுக்குக் கயிறு 2 மீட்டருக்குக் குறையாமல் இருக்க வேண்டும்.

வீட்டிலேயே செய்துகொள்ள நினைப்பவர்கள் ஹார்டுவேர் கடையில் உருளையின் இரு பக்கமும் தகடு மூடிய சின்ன இரும்புக் கப்பியாகக் கேட்டு வாங்கலாம். அதோடு இரண்டரை மீட்டர் நைலான் கயிறு, முக்கால் அங்குல பி.வி.சி. குழாயில் 12 சென்டிமீட்டர் நீளத்தில் இரண்டு துண்டு. குழாய்க்குள் கயிற்றை நுழைத்து முக்கோணமாகக் கட்டினால் கைப்பிடி தயார். துணி காயப்போடும் கூரைக் கம்பிக்கு வரும் குட்டிக் கப்பி வேண்டாம். அதன் பள்ளத்தில் மெல்லிய கயிறுதான் ஓடும், அது கையை அறுக்கும்.

மாட்டுவதும் இழுப்பதும்

பாதுகாப்பு விதி ஒன்றே ஒன்று: கதவு உங்களை நோக்கித் திறக்கும் பக்கத்தில் உட்காரக் கூடாது. அந்தப் பக்கம் உட்கார்ந்து இழுத்தால் ஒவ்வொரு இழுப்பும் கதவைத் திறக்கப் பார்க்கும், தாங்குவது தாழ்ப்பாள் மட்டும். எதிர்ப்பக்கம் உட்கார்ந்தால் இழுக்க இழுக்கக் கதவு நிலையோடு இறுகும். எப்படியானாலும் தாழ்ப்பாள் போடுங்கள், வீட்டில் இருப்பவர்களிடம் சொல்லிவிடுங்கள். பட்டையைக் கீல் பக்கமாகத் தள்ளி மாட்டினால் கூடுதல் உறுதி.

கை வைக்காத நாற்காலியைக் கதவுக்கு முதுகு காட்டிப் போட்டு, கப்பி தலைக்கு நேர் மேலே அல்லது சற்றே பின்னால் வரும்படி உட்காருங்கள். முதல் சில நாட்களுக்குக் கதவைப் பார்த்து உட்கார்வது நல்லது. அப்போது கை முன்பக்கமாக மட்டும் ஏறும், இழுவை குறைவாக இருக்கும். கை நேராக முன்னாலும் அல்ல, முழுப் பக்கவாட்டிலும் அல்ல, பக்கவாட்டிலிருந்து 30 முதல் 40 டிகிரி முன்னால் வரும் சாய்வில் ஏறட்டும். தோள்பட்டை எலும்பு இயல்பாக அமர்ந்திருக்கும் தளம் அது.

நல்ல கை கீழே இழுக்கிறது, இறுகிய கை சும்மா வருகிறது. இறுகிய கையால் துளியும் தூக்க வேண்டாம். இழுப்பு தெரியும் இடத்தில் 5 முதல் 10 விநாடி நிறுத்தி, இறங்கும்போதும் நல்ல கையாலேயே தாங்கி மெதுவாக இறக்குங்கள். பலர் ஏற்றுவதில் கவனமாக இருந்துவிட்டு, இறக்கும்போது கயிற்றை விட்டுவிடுகிறார்கள். மறுநாள் வரும் வலி அங்கிருந்து வருவது. ஒரு தடவைக்கு 10 முதல் 15 இழுப்பு, காலை மாலை இரண்டு வேளை. மொத்தம் ஐந்து நிமிடத்துக்கு மேல் தேவையில்லை. வாரத்தில் ஒருநாள் ஒரு மணி நேரம் இழுப்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

முன்னால் ஒரு கண்ணாடி இருந்தால் உதவும். தோள் காதை நோக்கி ஏறுகிறதா என்று பாருங்கள். உறை இறுக்கமாக இருக்கும்போது உடம்பு தோள்பட்டை எலும்பையே மொத்தமாகத் தூக்கிக் கையை உயர்த்திக் காட்டும். கை 120 டிகிரி ஏறியதுபோல் தெரியும், மூட்டில் நடந்தது 80-தான். இடுப்பைப் பின்னால் வளைப்பதும் இதே ஏமாற்றுதான். தோள் தூக்கத் தொடங்கும் இடத்துக்குக் கொஞ்சம் கீழே நிறுத்திப் பிடிப்பதே உண்மையான பயிற்சி.

அளவு சரியா என்பதை அன்றைய மாலையும் இரவும் சொல்லும். இழுக்கும்போது இழுவையும் லேசான வலியும் இருக்கலாம். நிறுத்திய அரை மணி நேரத்துக்குள் அது அடங்க வேண்டும். அடங்காமல் இரவு வரை தொடர்ந்தால் மறுநாள் உயரத்தையும் எண்ணிக்கையையும் பாதியாக்குங்கள். இரண்டு மூன்று இரவு தூக்கம் கெட்டால் கப்பியைக் கழற்றி வைத்துவிட்டு ஊசல் பயிற்சிக்குத் திரும்புங்கள்.

பக்கவாதத்தால் கை செயலிழந்தவர்களுக்கு இந்தக் கப்பி ஆகாது. தசை தாங்காத தோளில் இப்படி இழுப்பது மூட்டைப் புண்ணாக்கும். வீட்டில் யாருக்கோ வாங்கியதை நல்லெண்ணத்தில் அவர்களுக்கும் மாட்டிவிடுவது நடக்கிறது, செய்யாதீர்கள். சமீபத்தில் எலும்பு முறிந்தவர்கள், தோள் அடிக்கடி விலகுபவர்கள், எலும்பு மெலிவு கடுமையாக உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது.

கப்பி கொடுக்காதது

இந்தச் சாமானின் பெரிய குறை, அது கையை மேலே மட்டும் கொண்டுபோகிறது. அதிகம் இறுகியிருக்கும் வெளித்திருப்பத்துக்கு அது எதுவும் செய்வதில்லை. வெளித்திருப்பம் மீளாமல் கையும் முழுசாக மேலே வராது. தூக்கும்போது மேல்கை எலும்பு வெளிப்பக்கமாகத் திரும்பினால்தான் மேலே உள்ள எலும்பு நுனியில் இடிக்காமல் போக முடியும். கப்பியை மட்டும் மாதக்கணக்கில் இழுத்து, பாதி வழியில் நின்றுபோனவர்கள் கவனிக்க வேண்டியது இது.

அதற்கு ஒரு மூன்றடிக் குச்சி போதும், மாப் குச்சி பிரமாதம். மல்லாந்து படுத்து, மேல்கைக்கு அடியில் மடித்த துண்டு வையுங்கள், முழங்கை உடம்பு மட்டத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. இரண்டு முழங்கையையும் 90 டிகிரி மடக்கிக் குச்சியின் இரு முனையைப் பிடித்து, நல்ல கையால் இறுகிய கையை வெளிப்பக்கமாகத் தள்ளுங்கள். 10 முதல் 15 விநாடி பிடித்து, 10 தடவை. விலாவுக்கும் முழங்கைக்கும் நடுவில் ஒரு கைத்துண்டைச் சுருட்டி வையுங்கள். அது விழுந்தால் முழங்கை வெளியே ஓடிவிட்டது, திருப்பம் நடக்கவில்லை என்று பொருள். மணிக்கட்டை மட்டும் மடித்துவிட்டுக் கை திரும்பியதாக நினைப்பது இன்னொரு வழக்கமான தவறு.

மருத்துவமனை பிசியோ அறைகளில் சுவரில் ஒரு மர ஏணி இருக்கும், விரலால் படிப்படியாக ஏறுவதற்கு. அதை ஆன்லைனில் வாங்கத் தேவையே இல்லை. குறுக்குக் கம்பி போட்ட ஜன்னல் இருந்தால் அதே வேலை. ஜன்னலைப் பார்த்து ஒரு முழத் தூரத்தில் நின்று, இரண்டு விரலால் கம்பி கம்பியாக ஏறுங்கள். எட்டிய உயரக் கம்பியில் ஒரு நூலைக் கட்டிவையுங்கள். வாரம் ஒருமுறை மட்டும் நூலை மாற்றிக் கட்டினால் முன்னேற்றம் தெரியும், தினமும் பார்த்தால் மனம்தான் சோரும். குளித்த துண்டை முதுகுக்குப் பின்னால் பிடித்து இழுக்கும் பயிற்சியைக் கடைசியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். பின்பக்கம் கை போவதுதான் பெரும்பாலும் கடைசியில் திரும்பும். முன்னதாகவே வலுக்கட்டாயமாகச் செய்தால் தோளின் முன்பக்கம் கிள்ளும்.

கூடவே விற்கப்படும் மற்றவை

ஒத்தடப் பை வாங்கலாம். ஜெல் பையோ, வெந்நீர்ப் பையோ, வீட்டில் வறுத்த உப்பு மூட்டையோ எதுவானாலும் பயன் ஒன்றுதான்: தசை தளர்ந்து, அடுத்து செய்யும் பயிற்சி எளிதாகிறது. பயிற்சிக்கு முன் 15 நிமிடம் கொடுங்கள், நடுவில் துண்டு இருக்கட்டும். சர்க்கரையால் தோல் உணர்வு மங்கியவர்கள் சூட்டை நல்ல கையின் உட்பக்கத்தில் வைத்துச் சோதித்துவிட்டு, நேரம் பார்த்து எடுத்துவிட வேண்டும். எலெக்ட்ரிக் பேடை வைத்துக்கொண்டே தூங்கியதால் வந்த கொப்புளங்கள் ஆறுவதற்குத் தோளைவிட அதிகத் தொல்லை கொடுக்கும்.

தோலில் ஒட்டி லேசான மின்துடிப்பு கொடுக்கும் டென்ஸ் கருவி வலியைச் சில மணி நேரம் மறக்கடிக்கும், இறுக்கத்தை அவிழ்க்காது. முதல் கட்டத்தில் இரவு வலிக்கு 20, 30 நிமிடம் வைத்துப் பலன் தெரிந்தால் வைத்துக்கொள்ளலாம். பேஸ்மேக்கர் உள்ளவர்கள் கூடாது. மசாஜ் கன் தேவையில்லை: உறை பெரிய தசைக்கு அடியில் ஆழத்தில் இருக்கிறது, மேலே அதிர்வதால் அது நீளாது. தோளை இறுக்கிக் கட்டும் பெல்ட்டும் கழுத்தில் மாட்டும் தொட்டிலும் வாங்கவே வேண்டாம், அசையாமல் வைப்பதுதான் இந்த நோய்க்குத் தீனி. ரப்பர் பேண்ட் நல்ல பொருள், ஆனால் மூன்றாம் கட்டத்தில் பலம் கூட்டுவதற்கு. வலி நிவாரணக் களிம்பு இவ்வளவு ஆழமான மூட்டுக்குப் பெரிதாக எட்டாது.

எண்ணெய் தேய்ப்பதால் கேடில்லை. தேய்த்துவிட்டுக் கையைப் பிடித்து வெடுக்கென்று இழுப்பவர்களிடம் போகாதீர்கள். மயக்க மருந்து கொடுத்து அறுவை அறையில் மருத்துவர் செய்யும்போதே மேல்கை எலும்பு முறியும் அபாயம் சொல்லித்தான் கையெழுத்து வாங்குகிறார்கள்.

பிசியோ சிட்டிங்குக்குப் பணம் கட்டும் முன்

பத்து சிட்டிங் பேக்கேஜ் எடுப்பதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள்: முதல் நாள் கோணமானி வைத்துக் கையின் அசைவை டிகிரியில் அளந்து எழுதினார்களா? தூக்குவது, வெளித்திருப்பம், முதுகுக்குப் பின்னால் கட்டைவிரல் எட்டும் இடம் ஆகிய மூன்றும் எழுதப்பட்டிருக்க வேண்டும். அளக்காமல் தொடங்கினால் பத்தாவது நாள் என்ன மாறியது என்று யாராலும் சொல்ல முடியாது. அடுத்து, சிட்டிங்கில் எவ்வளவு நேரம் மெஷின், எவ்வளவு நேரம் கை என்று பாருங்கள். ஐ.எஃப்.டி. என்ற மின்துடிப்பு மெஷின், மெழுகு ஒத்தடம், அல்ட்ராசவுண்ட் மூன்றையும் மாட்டிவிட்டு அனுப்பும் இடத்தில் நடப்பது வலிக்கு ஒரு ஓய்வு மட்டும். அல்ட்ராசவுண்ட் இந்த நோயில் கூடுதல் பலன் தருவதற்கு உறுதியான ஆதாரமும் இல்லை. பிசியோ தன் கையால் மேல்கை எலும்பின் தலையைக் கீழாகவும் பின்னாலும் நகர்த்தி உறையை நீட்டும் வேலைதான் காசுக்குரியது. அதை வீட்டில் நீங்களாகச் செய்துகொள்ள முடியாது. மற்றதெல்லாம் கப்பியும் குச்சியும் செய்யும்.

இரவு வலி தாங்க முடியாதவர்கள் மூட்டுக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசியைப் பற்றி மருத்துவரிடம் கேட்கத் தயங்க வேண்டாம். முதல் கட்டத்தில்தான் அதன் பலன் அதிகம், போட்டு வலி தணிந்த வாரங்களில் பயிற்சி சுலபமாகும். சர்க்கரை நோயாளிகளுக்கு ஊசிக்குப் பிறகு சில நாட்கள் சர்க்கரை ஏறும், தினமும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மயக்கத்தில் கையை விடுவிப்பது, துளை வழி அறுவையில் உறையை வெட்டிவிடுவது, ஊசியோடு முறையான பிசியோதெரபி ஆகிய மூன்றையும் பிரிட்டனில் 503 பேரிடம் ஒப்பிட்ட ஆய்வு 2020-ல் வெளியானது. ஒரு வருட முடிவில் எதுவும் மற்றொன்றைவிட நோயாளி உணரும் அளவுக்கு மேலானதாக இல்லை. ஆகவே ஊசியும் பிசியோவும் முதலில், அறுவை பிறகு என்று போவதில் எதையும் இழப்பதில்லை. பல மாத முயற்சிக்குப் பிறகும் அசையாமல் நிற்கும் தோளுக்கு அறுவை செய்தாலும் கப்பியை மறுபடி எடுக்க வேண்டியிருக்கும், அதுவும் உடனே. உறையை விடுவித்த தோளை முதல் நாட்களிலிருந்தே அசைக்காவிட்டால் மறுபடி ஒட்டிக்கொள்ளும். அதே அறுவையில் தசைநாரையும் தைத்திருந்தால் மட்டும் மருத்துவர் தேதி சொல்லும் வரை கயிற்றைத் தொடாதீர்கள்.